நான்கு நிமிடம் நின்ற லிஃப்ட்

இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் அவர் லிஃப்டை நிறுத்தினார். சிவப்பு விசையைக் கீழே தள்ளிவிட்டு, தான் உட்காரும் முக்காலியை எடுத்து என் பக்கம் வைத்தார். பிறகு எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். நான் அழுது முடிக்கும்வரை திரும்பவில்லை. நான் மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்ட பிறகு, இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்து, "போலாமா?" என்று கேட்டார்.

"போலாம்" என்றேன்.

விசையை மேலே தள்ளினார். மூன்றாம் மாடியில் கதவைத் திறந்துவிட்டபோதும் என் முகத்தைப் பார்க்கவில்லை. "பாத்து எறங்குங்க" என்றார். அதை அவர் எல்லோரிடமும் சொல்வார்.

அந்த ஆஸ்பத்திரியில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'மேலேயா கீழேயா' என்பதுதான் அவருக்குப் பெயர். ஏறுகிறவர்களிடம் அவர் கேட்பது அந்த ஒரு கேள்வி; இறங்குகிறவர்களிடம் சொல்வது மேலே நான் எழுதிய ஒரு வரி. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு மனிதர் பத்தொன்பது வருஷம் லிஃப்ட் ஓட்டியிருந்தார். "அவருகிட்ட மொத்தமே நாலு வார்த்தைதான் ஸ்டாக்கு. அஞ்சாவது வார்த்தை வேணும்னா எழுதிக் குடுத்துட்டுக் காத்திருக்கணும்" என்பார் எங்கள் கேன்டீன்காரர்.

அவ்வளவு கூச்சம் உள்ளவருக்கு ஆண்டவன் கொடுத்த வேலையைப் பாருங்கள். நாள் முழுக்க ஒரு பெட்டிக்குள், முன்பின் தெரியாதவர்களோடு தோளோடு தோள் இடிக்க நிற்க வேண்டும். நெட்டையான ஆள், கொஞ்சம் கூனல். பெண்கள் ஏறினால் பொத்தான் பலகையோடு பலகையாக ஒட்டிக்கொள்வார். இறந்தவர்களைக் கீழே கொண்டுபோகும்போது மட்டும் கேள்வி கேட்க மாட்டார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, நடுவில் எந்த மாடியில் யார் மணி அடித்தாலும் நிற்காமல் கொண்டுபோவார். அது அவராக வைத்துக்கொண்ட ஒழுங்கு. யாரும் சொல்லிக்கொடுத்தது இல்லை.

நான் மூன்றாம் மாடியில், ஆண்கள் வார்டில் துப்புரவுப் பணியாளர். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அவரும் ஐந்துதான். எட்டாம் வகுப்புத் தேறினால் தற்காலிக ஆட்களை நிரந்தரமாக்குவதாக ஒரு வருஷம் ஆணை வந்தது. நிரந்தரமானவர்களுக்கு ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கிற குடியிருப்பில் வீடும் கிடைக்கும். பதினோரு பேர் பெயர் கொடுத்தோம். மத்தியானம் மூன்று மணிக்குத் துணி அறையில் வகுப்பு. நாலு பெஞ்சுதான் போட இடம் இருந்தது. மீதிப் பேர் வெள்ளைத் துணி மூட்டைகள் மேல் உட்கார்ந்து படித்தோம். டீச்சருக்கு எங்கள் பிள்ளைகளின் வயதுதான் இருக்கும். முதல் நாள் எங்களைப் பார்த்துப் பயந்து, "எல்லாரும் சாப்பிட்டீங்களா?" என்று கேட்டது. சலவைப் பிரிவு அக்கா, "சாப்பிட்டோம் டீச்சர், நீங்க பயப்படாதீங்க, நாங்க கடிக்க மாட்டோம்" என்றாள். சிரிப்போடு வகுப்பு ஆரம்பமானது.

எனக்குத் தூரத்துப் பார்வை மங்கல். முன் பெஞ்சில் உட்கார்ந்தும் கரும்பலகை எழுத்து புழுப்புழுவாகத் தெரிந்தது. யாரிடமும் சொல்லவில்லை. இரண்டாவது வாரம் என் இடத்தில் ஒரு தாள் மடித்து வைத்திருந்தது. பலகையில் முந்தின நாள் எழுதிய கணக்கு முழுவதும் அதில் பெரிய பெரிய எழுத்தில் இருந்தது. அடுத்த நாளும் இருந்தது. அதோடு சீவிய பென்சில் ஒன்றும். நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் மூட்டைமேல் உட்கார்ந்திருந்த மேலேயா கீழேயா, தன் நோட்டுக்குள் தலையே விழுந்துவிடும்போலக் குனிந்துகொண்டார். எக்ஸ்ரே படம் வருகிற கனத்த காக்கி உறையைக் கிழித்து என் புத்தகங்களுக்கு அட்டையும் போட்டுக்கொடுத்தார். மூலைகளில் மடிப்பு அவ்வளவு ஒழுங்கு. நாளுக்கு ஒருமுறை, வகுப்பு முடிந்து எழுந்திருக்கும்போது, என்னைத் தாண்டிப் போகிறவர்போல நின்று, "கணக்கு வருதா?" என்பார். "வருது" என்பேன். காது சிவக்கப் போய்விடுவார்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு அது பிடித்திருந்தது. வகுப்பு இருக்கிற நாளில் நல்லதாக ஒரு நீலப் புடவையைக் கட்டிக்கொண்டு வருவேன். படிப்புக்கு ஒரு மரியாதை வேண்டாமா என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். பென்சில் வைக்காத ஒருநாள் அவர் லீவில் இருக்கிறார் என்று தெரிந்து, அன்றைக்குப் பாடமே ஏறவில்லை. நாற்பத்துமூன்று வயதில், கல்யாணத்துக்கு நிற்கிற மகளை வீட்டில் வைத்துக்கொண்டு.

இனி அந்த நான்கு நிமிடத்துக்கு வருகிறேன்.

வேலையில் சேர்ந்த நாளில், என் கணவர் இறந்துவிட்டதாகச் சொல்லியிருந்தேன். அவர் சாகவில்லை. மகளுக்குப் பத்து வயதாக இருக்கும்போது இன்னொருத்தியோடு போய்விட்டார். செத்தவனின் மனைவி என்றால் ஊர் இரக்கப்படும். ஓடிப்போனவனின் மனைவி என்றால், இவளிடம் என்ன குறையோ என்று பேசும். தினமும் பிரார்த்தனை செய்கிறவள், வாயால் ஒரு மனிதனைக் கொன்று வைத்திருந்தேன். பத்து வருஷம் அந்தப் பொய் எனக்கு வீடு மாதிரி இருந்தது.

வகுப்பு தொடங்கி இரண்டு மாதம் இருக்கும். ஒரு காலை பதினாலாம் கட்டிலில் புதிதாக ஒருவரைப் படுக்க வைத்திருந்தார்கள். கட்டிலுக்கு அடியில் துடைத்துக்கொண்டு போனேன். தொங்கிய காலைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பெருவிரலில் பழைய வெட்டுத் தழும்பு. நிமிர்ந்தேன். அவரும் பார்த்தார். பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், "அம்மா, இந்தப் பக்கமும் கொஞ்சம் தொடைச்சிருங்க, மருந்து கொட்டிடுச்சு" என்று தன்மையாகத்தான் சொன்னாள். துடைத்தேன். அழுக்குத் துணிகளைக் கீழே கொண்டுபோய்ப் போட்டேன். திரும்பி மேலே வரும்போது லிஃப்டில் என்னையும் லிஃப்ட்காரரையும் தவிர யாரும் இல்லை. "மேலேயா கீழேயா?" என்றார். "அவரு சாகலைங்க" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். என் மகளைத் தவிர இன்னொருவருக்கு அது தெரிந்தது அப்போதுதான்.

லிஃப்ட் நடுவில் ஒரு நிமிடத்துக்கு மேல் நின்றால் காவலர் அறையில் மணி அடிக்கும். காவலர் நேரம் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். அன்றைக்கும் மணி அடித்தது. நான்கு நிமிடம் என்று எழுதினார். ஏன் நின்றது என்று கேட்டபோது, "கரண்ட் போயிட்டு வந்துச்சு" என்றாராம் மேலேயா கீழேயா. என்னைப் பற்றி ஒரு மூச்சு விடவில்லை. பதினாலாம் கட்டில்காரர் வீட்டுக்குப் போகும் வரைக்கும், ஒன்பது நாளும், என் வார்டுப் பக்கம் லிஃப்ட் வரும்போதெல்லாம் கதவைத் திறந்து ஒரு கணம் கூடுதலாக வைத்திருப்பார். நான் தப்பி ஓட வேண்டியிருந்தால் ஓடி வந்து ஏறிக்கொள்ளட்டும் என்று நினைத்தார்போலும்.

பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது டீச்சர் கடிதம் எழுதப் பழக்கிற்று. "வகுப்புத் தோழரை வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு கடிதம் எழுதுங்க. எட்டு வரி போதும்." சொல்லிவிட்டு, யாரோ கூப்பிட்டதால் வெளியே போயிற்று. நாங்கள் ஆளுக்கு ஒன்று கற்பனையாக எழுதினோம். பின்னாலிருந்து திடீரென்று ஒரு சிரிப்பு. மேலேயா கீழேயாவின் நோட்டை, எங்களோடு படித்த கேன்டீன்காரர் பிடுங்கிக்கொண்டு பெஞ்சின்மேல் ஏறிவிட்டார்.

"எல்லாரும் கேளுங்கப்பா, கேளுங்க. 'முன் பெஞ்சில் உட்காரும் தோழிக்கு வணக்கம்.' ஆகா, ஆரம்பமே எப்படி இருக்கு பாத்தீங்களா?"

அவர் எழுந்து நின்று கையை நீட்டினார். "குடுங்க. குடுத்துருங்க" என்றார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது. பிடுங்கக்கூடத் தெரியாது.

கேன்டீன்காரர் படித்தார். அந்தக் கடிதம் எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். 'என் அக்காவுக்கு முழங்கால் முடியாது. நாங்கள் நாலாவது மாடியில் குடியிருக்கிறோம். அங்கே லிஃப்ட் கிடையாது. அக்கா கீழே இறங்கி நாலு வருஷம் ஆகிறது. நான் தேறினால் குடியிருப்பில் கீழ்வீடு கேட்பேன். அதுவரை அக்காவுக்குப் பேச்சுத் துணை இல்லை. நீங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தால் அக்கா சந்தோஷப்படுவாள். நானும்.'

"அந்தக் கடைசி வார்த்தையைப் பாருங்க. எழுதி அடிச்சு, மறுபடி எழுதி, மறுபடி அடிச்சு, மறுபடி எழுதியிருக்காரு. நானும்!" கேன்டீன்காரர் நோட்டைத் தூக்கிக் காட்டினார். "அக்கா, லிஃப்ட்காரரு நாலாவது மாடிக்குக் கூப்பிடுறாரு. மேலேயா, கீழேயா? சட்டுனு சொல்லுங்க!"

துணி அறையே குலுங்கிற்று. சலவை அக்கா, "ஏய், எறங்குடா கீழே" என்று அவரை அதட்டிவிட்டு, என் பக்கம் சாய்ந்து, "ஆனா தங்கச்சி, பென்சில் சீவி வைக்கும்போதே எனக்கு ஒரு சந்தேகம்தான்" என்று கண்ணைச் சிமிட்டினாள்.

நான் என் நீலப் புடவையை நினைத்தேன். எல்லோரும் அதையும் பார்த்திருப்பார்கள் என்று நினைத்தேன். அதற்கு மேல் இன்னொன்றும் நினைத்தேன். அதை எழுதக் கை கூசுகிறது. என் ரகசியம் தெரியும் என்பதால்தான் இந்த மனிதருக்கு இந்தத் துணிச்சல் வந்தது என்று நினைத்தேன். அவரைப் போய்.

எழுந்து நின்று சொன்னேன்: "சிரிக்காதீங்க. இவரு யோக்கியம் எனக்குத் தெரியும். என்னைத் தனியா வச்சு நடுவுல லிஃப்டை நிறுத்தின ஆளுதான் இவரு."

சிரிப்பு பட்டென்று அறுந்தது. கேன்டீன்காரர் பெஞ்சிலிருந்து இறங்கி, நோட்டை மெதுவாக அதன் இடத்தில் வைத்தார். நான் சொன்னதில் பின்பாதி பொய்யில்லை. லிஃப்டை நிறுத்தினார், நான் தனியாகத்தான் இருந்தேன். அதனால்தான் அதை என்னால் திரும்ப விழுங்க முடியவில்லை. மேலேயா கீழேயா தன் பென்சில், அழிப்பான், அடிக்கோல் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பையில் எடுத்து வைத்தார். லிஃப்ட் மணி அடித்தது. போய்விட்டார்.

நான் யாரிடமும் புகார் கொடுக்கவில்லை. ஆனால் சலவை அக்கா எனக்கு நல்லது செய்வதாக நினைத்து, சாயங்காலமே சூப்பர்வைசரிடம் போய்ச் சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலை எங்கள் இருவரையும் கூப்பிட்டார்கள். சூப்பர்வைசர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். காவலர் பதிவேட்டோடு நின்றார். நான் அந்த அறையை ஆயிரம் தடவை துடைத்தவள். தரையில் எந்தக் கல்லில் விரிசல் என்று தெரியும். அந்த விரிசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நிறுத்தினியாப்பா?"

"நிறுத்தினேன் சார்."

"கரண்ட் போச்சுன்னு எழுத வச்சிருக்கியே?"

"ஆமா சார்."

"அப்ப அது பொய்யி. எதுக்கு நிறுத்தினே?"

அவர் சுவரைப் பார்த்து நின்றார்.

"கேக்கிறேன்ல? பத்தொம்பது வருஷமா உன்னைப் பத்தி ஒரு சொல்லு வந்ததில்ல. காரணத்தைச் சொல்லுப்பா. நான் பாத்துக்கிறேன்."

அவர் என்னை ஒரே ஒருமுறை பார்த்தார். லிஃப்டில் ஆள் ஏறினால், எந்த மாடி என்று அவர்கள் சொல்லக் காத்திருக்கிற பார்வை. அதில் கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை.

சூப்பர்வைசர் என்னிடம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. தப்பா நடந்துக்கிட்டாரா?"

"இல்ல சார்."

"பின்ன எதுக்கு நிறுத்தினாரு?"

"தெரியல சார்."

அதுதான் நான் சொன்னது. 'நான் அழுதேன், அதனால் நிறுத்தினார்' என்று சொல்லியிருந்தால் போதும். ஏன் அழுதீர்கள் என்று அடுத்த கேள்வி வரும். பத்து வருஷப் பொய் அந்த மேஜைமேல் விழும். ஆகவே தெரியாது என்றேன்.

"தப்புதான் சார்" என்றார் மேலேயா கீழேயா.

அவரை லிஃப்டிலிருந்து எடுத்து, தரைக்குக் கீழே கொதிகலன் அறைக்குப் போட்டார்கள். பதிவேட்டைப் பொய்யாக எழுத வைத்ததாலும், பெண் பணியாளர் விஷயம் என்பதாலும், வகுப்பிலிருந்தும் பெயரை அடித்தார்கள். அந்த வருஷம் மட்டும்தான் அந்தச் சலுகை. பரீட்சை எழுதாதவருக்கு நிரந்தரம் இல்லை. நிரந்தரம் இல்லாதவருக்குக் கீழ்வீடும் இல்லை.

நான் பரீட்சை எழுதினேன். நண்பரை வீட்டுக்கு அழைத்துக் கடிதம் எழுதுக என்று ஒரு கேள்வி வந்தது. எவ்வளவு யோசித்தும் வேறு எதுவும் வரவில்லை. நாலாவது மாடி, முழங்கால் முடியாத அக்கா, ஞாயிற்றுக்கிழமை என்று என் கை அவருடைய வரிகளையே எழுதியது. 'நானும்' என்பதை மட்டும் விட்டுவிட்டேன். தேறினேன். நிரந்தரமானேன். குடியிருப்பில் ஒரே ஒரு கீழ்வீடு காலியாக இருந்தது. அது எனக்குக் கிடைத்தது. வாசலில் படி ஒன்றே ஒன்று. ஒவ்வொரு நாளும் அந்தப் படியில் கால் வைக்கும்போது, இது யார் இறங்கி வந்திருக்க வேண்டிய வீடு என்று தெரிந்துதான் கால் வைத்தேன்.

பிரார்த்தனையில் மன்னிப்புக் கேட்டேன். தினமும் கேட்டேன். ஆண்டவனிடம் கேட்பது எளிது. அவர் திருப்பிக் கேள்வி கேட்பதில்லை. பத்தொன்பது படி இறங்கினால் கொதிகலன் அறை. அங்கே போய்க் கேட்க இரண்டு வருஷம் எனக்குக் கால் வரவில்லை. நடையில் எதிரே வந்தால் அவர் சுவரோரமாக ஒதுங்கி எனக்கு வழி விடுவார். வெக்கையில் முகம் கறுத்து, புருவம் பொசுங்கியிருந்தது. அவருக்குப் பிறகு லிஃப்டை ஆள் இல்லாமலே ஓடுகிற மாதிரி மாற்றிவிட்டார்கள். முக்காலியைக்கூட எடுத்துவிட்டார்கள்.

இரண்டாம் வருஷக் கடைசியில் என் கணவர் நிஜமாகவே இறந்துபோனார் என்று செய்தி வந்தது. என் மகள் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமல், "சரி, இனிமே நீ சொன்னது உண்மைதானேம்மா. இனி யாருக்குப் பயம்?" என்றாள். அவள் குத்திச் சொல்லவில்லை, ஆறுதலாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் குத்திற்று. ஒரு நிமிடம் நானும் அப்படியே நினைத்து நிம்மதிப்பட்டிருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய வீட்டைத் தேடிப் போனேன். அவர் வேலையில் இருக்கிற நேரமாகப் பார்த்துத்தான் போனேன். அறுபத்தெட்டுப் படி. இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன். கதவு சும்மா சாத்தியிருந்தது. ஜன்னலோரம் நாற்காலியில் ஒரு பெரியம்மா, காலை முக்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தாள். அந்த முக்காலியை எனக்குத் தெரியும்.

"யாரும்மா?"

"ஆஸ்பத்திரியில இருந்து வரேன். வகுப்புல கூடப் படிச்சவ."

"முன் பெஞ்சு அம்மாவா! அட, வாங்க, வாங்க. நீங்க வருவீங்கன்னு தம்பி ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி சொன்னான். வீட்டையெல்லாம் ஒட்டடை அடிச்சு வச்சான். சாவகாசமா வந்திருக்கீங்க, பரவாயில்ல, படி அவ்வளவு இருக்கே!" என்று சொல்லிவிட்டு அவளே குலுங்கிச் சிரித்தாள். என்னையே தண்ணீர் எடுத்துக் குடிக்கச் சொன்னாள். அலமாரியில் அவருடைய நோட்டுகள் அடுக்கியிருந்தன. எல்லாவற்றுக்கும் காக்கி அட்டை.

"உங்களுக்கு என்னம்மா, தேறிட்டீங்க. இவன் மக்கு. பரீட்சையில பெயிலாயிட்டேன்க்கான்னு வந்து நின்னான். அன்னைக்கு அழுதான் பாருங்க, இந்த வயசுல. போகட்டும்டா, எனக்கு இங்கதான் காத்து நல்லா வருதுன்னு சொல்லித் தேத்தினேன். ஏம்மா, அவ்வளவு மக்கா அவன்? உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே."

"மக்கு இல்லைங்க" என்றேன். அவர் தேறவில்லை என்று அந்த வீடு நம்பிக்கொண்டிருந்தது. என்னைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும் என்பதால், பெற்ற தாய்போல வளர்த்த அக்காவிடம்கூட அவர் மக்காகவே இருந்துவிட்டார். அந்த அறையில் அதைச் சொல்லவும் எனக்கு நெஞ்சு இல்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு அறுபத்தெட்டுப் படியும் இறங்கினேன்.

திங்கட்கிழமை காலை சூப்பர்வைசர் முன்னால் போய் நின்றேன். இந்தத் தடவை விரிசலைப் பார்க்கவில்லை. பதினாலாம் கட்டில், என் கணவர், முக்காலி, சுவரைப் பார்த்து நின்றது என்று எல்லாவற்றையும் சொன்னேன். தெரியல என்று நான் சொன்னது பொய் என்றேன். காவலர் இருந்தார். டீ கொண்டுவந்த கேன்டீன்காரரும் இருந்தார். வேண்டுமென்றேதான் அவர்கள் இருக்கும்போது சொன்னேன்.

சூப்பர்வைசர் கண்ணாடியைக் கழற்றி நெற்றியைத் தேய்த்தார். "அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமேம்மா. இப்ப நான் எந்த லிஃப்ட்ல கொண்டுபோய் அவரை உக்கார வைக்கிறது?" என்றார். அவர் பெயரில் இருந்த குறிப்பை நீக்கி எழுதினார். தனியாகப் பரீட்சை எழுத அனுமதி கேட்டுப் பார்ப்பதாக அவரைக் கூப்பிட்டுச் சொன்னாராம். "வேண்டாம் சார்" என்றுவிட்டாராம்.

மத்தியானத்துக்குள் ஆஸ்பத்திரி முழுக்கப் பரவிவிட்டது. எதிர்பார்த்ததுதான். "உசுரோட இருந்த புருஷனைக் கொன்னு வச்சிருந்தா பாரு" என்று மாடிப்படியில் என் காதுபடவே பேசினார்கள். சலவை அக்கா பத்து நாள் என்னிடம் முகம் கொடுக்கவில்லை. "உன்னை நம்பித்தானே நான் போய்ச் சொன்னேன். பாவத்துல எனக்கும் பங்கு வச்சுட்டியே" என்று ஒருநாள் அழுதாள். கேன்டீன்காரர் மட்டும் பழையபடி, "அக்கா, உங்க வீட்ல ஒரே ஆளு ரெண்டு தடவை செத்தாராமே?" என்றார். சிரிப்பவர்கள் சிரித்தார்கள். அவர்களைத் தடுக்க இந்தத் தடவை என்னிடம் சொல்ல எதுவும் இல்லை.

ஒரு மாதம் கழித்து அவர் வேலையை விட்டார். வேறு ஊரில் ஒரு சேமிப்புக் கிடங்கில் காவல் வேலை. வாசலுக்குப் பக்கத்திலேயே தங்க அறை; படியே கிடையாதாம். அவராகத் தேடிக்கொண்டது. கொதிகலன் அறை ஆட்கள் இரண்டு பேரும் அவருமாக, அக்காவை நாற்காலியோடு தூக்கிக் கீழே இறக்கினார்களாம். அவள் வழியெல்லாம், "மெதுவாடா, பாத்து எறங்குங்கடா" என்று சொல்லிக்கொண்டே வந்தாளாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

கடைசி நாள் சாவியை ஒப்படைக்க அவர் நாலாம் மாடிக்குப் போக வேண்டியிருந்தது. நான் தண்ணீர் வாளியோடு கீழே லிஃப்டில் ஏறி நின்றேன். கதவு மூடப்போன நேரத்தில் அவர் வந்து ஏறினார். என்னைப் பார்த்துத் தயங்கினார், ஆனால் ஏறியாகிவிட்டது. கை தானாகப் பழைய இடத்துக்குப் போயிற்று. என்னைக் கேட்காமலே மூன்றையும், பிறகு நாலையும் அழுத்தினார். அழுத்திவிட்டு, வழக்கம்போலப் பலகையைப் பார்த்து நின்றார்.

எனக்கு மூன்று மாடிதான் நேரம் இருந்தது. ஒரு மாடி வீணாகப் போய்விட்டது.

"நான் எல்லாத்தையும் சொல்லிட்டேங்க" என்றேன். "சூப்பர்வைசர்கிட்ட. எல்லாரும் இருக்கும்போது. உங்க மேல எந்தத் தப்பும் இல்லைன்னு இப்ப எல்லாருக்கும் தெரியும். ரெண்டு வருஷம் கழிச்சுச் சொல்றேன். என்னை நீங்க மன்னிக்கணும்னு கேக்க எனக்கு வாயில்ல."

லிஃப்ட் இரண்டாம் மாடியைத் தாண்டியது. அந்த இடத்தில் அவர் கண் ஒரு கணம் சிவப்பு விசை இருந்த பக்கம் போயிற்று. இப்போது அங்கே வெறும் தகடு.

கதவு திறந்தது. நான் இறங்காமல் நின்றேன். மூடப்போன கதவை அவர் கையால் தடுத்துப் பிடித்துக்கொண்டார். முதல்முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"ஏங்க சொன்னீங்க? என் பேரு போனது போயிடுச்சு. உங்க பேராவது நிக்குதேன்னு இருந்தேன். அது ஒண்ணுதான் நான் உங்களுக்குச் செஞ்சது. அதையும் நீங்களே இல்லாமப் பண்ணிட்டீங்களே. சரி, விடுங்க. வாளியைப் பாத்து எடுங்க, தளும்புது."